தேவாலய வாசல் நடைபாதையைச் சீர்செய்யக் கோரும் மூன்றாவது மனு

பெறுநர்: நடைபாதைப் பராமரிப்புப் பொறுப்பதிகாரி
பொருள்: லண்டன் போ கொமன், செயின்ட் போல்ஸ் தேவாலய முன்பாதை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய இரண்டு மனுக்களையும் என் மகள் ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள். பதில் வரவில்லை. இந்த முறை என் மொழியிலேயே எழுதுகிறேன். தயவுசெய்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

1. பேர்டெட் றோட் மூலை உங்களுக்குத் தெரிந்த இடம்தான். தேவாலய வாசலுக்கு முன் மூன்று கற்கள் கிளம்பி நிற்கின்றன.

2. பழைய கோயில் 1941 குண்டுவீச்சில் அழிந்தது. இப்போதிருப்பது றொபர்ட் மகுவயரும் கீத் மறேயும் வடிவமைத்து 1960 இல் கட்டி முடித்தது. பலிபீடம் நடுவில்; அதன் மேல் கண்ணாடிக் கூரையால் வெளிச்சம் இறங்கும்; சனம் சுற்றி நிற்கும். பளிங்கு இல்லை. தெரு நடைபாதைக்குப் போடும் அதே கொங்கிரீட் கல்லைத்தான் உள்ளேயும் பதித்தார்கள். தெருவில் வருகிறவர் தயங்காமல் பலிபீடம் வரை நடக்கலாம் என்றுதான் எனக்குப் படும். 2013 இல் சிறந்த நவீன தேவாலயம் என்று விருதும் கிடைத்தது. உள்ளே கல் ஆடவில்லை ஐயா. வெளியே, உங்கள் பொறுப்பில் உள்ள கல்தான் ஆடுகிறது.

3. என் மனைவி ஊன்றுகோலோடு நடப்பவள். மழை பெய்தால் அந்த மூன்று கல்லிலும் தண்ணீர் தேங்கும், விளிம்பு தெரியாது. போன மாரியில் கோல் நுனி இடுக்கில் இறங்கி, அவள் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை கட்டோடு இருந்தாள். இன்னும் தலை பின்ன முடியவில்லை, நான்தான் பின்னி விடுகிறேன். வாசலுக்கு மேலே எழுத்துச் சிற்பி றால்ப் பையர் கொங்கிரீட்டில் பொறித்த பெரிய எழுத்துகள் இருக்கின்றன அல்லவா, 'இது தேவனுடைய வீடேயல்லாமல் வேறல்ல, இது வானத்தின் வாசல்' என்று? ஒவ்வொரு ஞாயிறும் அதை நிமிர்ந்து பார்த்தபடிதான் அவள் உள்ளே போவாள். இப்போது குனிந்து கல்லைப் பார்த்தபடி போகிறாள். இன்னும் எத்தனை பேர் விழ வேண்டும்? யாராவது ஒருமுறை வந்து பார்க்கக்கூட நேரமில்லையா?

4. மூன்று கல், ஐயா. மூன்றே கல்.

அடுத்த மாரிக்கு முன் அவற்றைக் கிளப்பிச் சமன்செய்து தாருங்கள். தண்ணீர் வடியவும் வழி செய்யுங்கள். மறுபடியும் தாழ்மையுடன் கேட்கிறேன், செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
தேவாலயச் சபையின் முதியவர் ஒருவர்