சவேரியார் பிறந்த ஹவியேர் கோட்டைக்கு நீ இன்னும் போகவில்லை

இயேசு மரி சூசை

தூத்துக்குடி,
ஜனவரி மாதம்.

அன்பு மகள் அமலிக்கு அப்பா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. ஆச்சி வழக்கம்போல் விடியற்காலைப் பூசைக்கு மாமாவின் வண்டியில் போய் வருகிறார்கள். ஸ்பெயினில் நீ படிக்கும் சலமான்காவில் இந்த மாதம் இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும் என்று படித்தேன். அம்மா கொடுத்தனுப்பிய கம்பளிச் சால்வையைப் பெட்டியிலேயே வைத்திராமல் வெளியே போகும்போது கட்டாயம் போட்டுக்கொள். கற்கோயில்களுக்குள் தெருவைவிடக் குளிர் அதிகம் என்று நீயே எழுதியிருந்தாய்.

கொர்தோபா பள்ளிவாசலைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை அம்மாவுக்கும் ஆச்சிக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். 785ஆம் ஆண்டில், கொர்தோபாவை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் அதைக் கட்டத் தொடங்கியபோது, ரோமானியர் காலத்துக் கட்டடங்களிலிருந்தும் அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத் மன்னர் காலத்துக் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வந்த தூண்களையே நிறுத்தினார்கள் என்பதையும், அந்தத் தூண்கள் குட்டையாக இருந்ததால் கூரையை உயர்த்துவதற்காக ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவை எழுப்பினார்கள் என்பதையும், சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வரும் அந்த வளைவுகளின் கீழ் இன்றும் 856 தூண்கள் நிற்கின்றன என்பதையும் நீ எழுதியிருந்த விதம், பல ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு நடத்திய எனக்கே பாடமாக இருந்தது. 1523இல் பள்ளிவாசலின் நட்டநடுவில் பேராலயத்தை எழுப்ப ஆயர் முனைந்தபோது அதை எதிர்த்தது அந்த நகரத்துக் கிறிஸ்தவர்களின் நகரசபையே என்ற செய்தியை ஆச்சி திரும்பவும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். என் மகள் எழுதியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

ஆனால் மகளே, அந்தப் பேராலயத்தில் இன்றும் நாள்தோறும் பூசை நடக்கிறது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. காலையில் சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன் அந்தப் பூசை நேரத்தில் நீ உள்ளே இருந்தாயா, இருந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாய், அந்தத் தூண்களுக்கு இடையில் பாட்டு எப்படிக் கேட்டது என்று அறிய ஆசைப்பட்டேன். ஒரு கோயிலைப் படிக்க வேண்டுமானால் அதற்குள் சிறிது நேரம் சும்மா உட்கார வேண்டும். குறிப்பேட்டையும் கேமராவையும் பைக்குள் வைத்துவிட்டு உட்கார வேண்டும். அங்கே ஒளி எப்போது எந்தப் பக்கம் விழ வேண்டும், ஒலி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம், உள்ளே வந்து முழந்தாளிடுபவனை மனத்தில் வைத்துத்தான் கட்டியவன் தீர்மானித்தான். தொலேதோ பேராலயத்தில் நற்கருணைப் பேழையின் மேல் வெளிச்சம் விழுவதற்காகவே சிற்பி நார்சிசோ தொமே கூரை வளைவை உடைத்துத் திறந்தாரே, அந்த வெளிச்சத்தை நின்று அளந்துவிட்டு நகர்ந்தால் பாதிதான் கிடைக்கும்.

செவில்லாவிலிருந்து சென்ற ஆண்டு பெரிய வாரத்தில் நீ எழுதியதையும் இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். மக்கரேனா மாதா சுரூபத்தில் முகமும் கைகளும் மட்டுமே முழுமையாகச் செதுக்கப்பட்டவை, ஆடைக்குள் இருப்பது வெறும் மரச்சட்டம், கன்னத்தில் உள்ள கண்ணீர்த் துளிகள் கண்ணாடியால் ஆனவை என்று எழுதியிருந்தாய். அவை எல்லாம் உண்மை. சப்பரத்தின் அடியில் திரைக்குள் மறைந்து நின்று பிடரியில் பாரம் தாங்குகிறவர்களைப் பற்றியும், வெளியே நிற்கும் தலைவர் உலோகத் தட்டியால் தட்டி ஓசை எழுப்பியதும் அவர்கள் அனைவரும் ஒரே மூச்சில் தூக்குவதைப் பற்றியும் எழுதியிருந்தாய். பெரிய வெள்ளியன்று விடிவதற்கு முன்னே அந்தச் சப்பரம் உன்னைக் கடந்துபோனபோது நீ என்ன செய்தாய் என்று மட்டும் எழுதவில்லை. ஆகஸ்டு 5ஆம் தேதி பனிமய மாதா சப்பரம் நம் தெருவுக்குள் திரும்பும்போது ஆச்சியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நீ நிற்பாய், எதுவும் கேட்க மாட்டாய், சப்பரம் போன பிறகும் கொஞ்ச நேரம் பேச மாட்டாய். அந்தப் பிள்ளைதான் செவில்லாவிலும் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதத்தின் தலையில் இயேசு மரி சூசை என்று எழுதிவிட்டுத்தான் நீ பள்ளிக் காலத்திலிருந்து எதையும் தொடங்குவாய். தேர்வுத் தாளில்கூட எழுதி ஆசிரியையிடம் பேச்சு வாங்கியிருக்கிறாய். கடந்த சில மாதங்களாக உன் மின்னஞ்சல்களில் அது இல்லை. கணினியில் அப்படி எழுதும் வழக்கமில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பூசைக்குப் போகிறாளா என்று அம்மா ஞாயிறுதோறும் கேட்கிறாள். படிப்பே கோயிலில்தானே என்று பதில் சொல்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்பதையும் எழுது.

தொலேதோவிலிருந்து வந்த கட்டுரைதான் நீளமானது. அதன் பிறகுதான் உன் கடிதங்களும் குறைந்தன என்பதால் அதைப் பற்றி எழுதத் துணிகிறேன். சாந்தா மரியா லா பிளாங்கா என்று மாதாவின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த வெள்ளை மண்டபம், 12ஆம் நூற்றாண்டில் யூதர்கள் தங்கள் தொழுகைக்கூடமாகக் கட்டியது. குதிரைலாட வளைவுகளையும் சுதையில் செய்த பைன் காய்களையும் கொண்ட அதன் தூண்கள் முஸ்லிம் கலைமரபில் உருவானவை. பின்னர் அது கோயிலாக மாற்றப்பட்டது. 1492 ஜனவரி 2 அன்று முஸ்லிம் அரசரிடமிருந்து கிரனாடாவைக் கைப்பற்றிய அரசர் பெர்னாந்தோவும் அரசி இசபெல்லாவும் அதே ஆண்டு மார்ச் 31 அன்று அங்கிருந்த அல்ஹம்பிரா அரண்மனையில் இருந்தபடியே, திருமுழுக்குப் பெறாத யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார்கள். நீ இவற்றைக் கோபத்தோடு எழுதியிருந்தாய். அந்தக் கோபம் நியாயமானது. நம் வீட்டில் யாரும் அதற்காக உன்னைக் கடிந்துகொள்ள மாட்டார்கள், ஆச்சி உட்பட.

அந்தக் கட்டுரையை எழுதுவதற்காக, திருச்சபையின் போதனையிலிருந்து விலகியவர்களை விசாரித்துத் தண்டித்த விசாரணை மன்றத்தைப் பற்றிப் படித்தபோது, 1546 மே மாதம் சவேரியார் போர்த்துக்கல் அரசருக்கு எழுதிய கடிதம் உன் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தியாவுக்கும் அந்த மன்றம் வேண்டும் என்று அதில் அவர் கேட்டிருக்கிறார். அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1560இல், கோவாவில் அது அமைந்தது. அது செய்தவற்றை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் செய்தி எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் டிசம்பர் 3ஆம் தேதி அவர் திருநாளுக்குப் போகிறேன், கோட்டாற்றுக்கு நேர்ச்சை கொண்டுபோகிறேன். உன் மனத்தில் இதுதான் கிடக்கிறது என்றால் அதை நீ எனக்கு எழுதலாம். வேறு ஏதாவது கிடக்கிறது என்றாலும் எழுதலாம்.

ஸ்பெயினை நீ படிக்கும்போது ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள். 1622 மார்ச் 12 அன்று ரோமாபுரியில் ஒரே சடங்கில் ஐந்து பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர்களில் சவேரியார் ஒருவர், அவிலா தெரேசம்மாள் ஒருவர். தெரேசம்மாளின் தந்தைவழிப் பாட்டனார் யூத மரபில் பிறந்து கிறிஸ்தவரானவர். ஒளிந்து பழைய சமயத்தைக் கடைப்பிடித்த குற்றத்தின் பேரில் 1485இல் தொலேதோ விசாரணை மன்றத்தின் முன் நின்றார். தண்டனை அங்கியோடு அந்த நகரத்துக் கோயில் கோயிலாக அவரை ஊர்வலம் நடக்க வைத்தார்கள். நீ நடந்த அதே தெருக்கள்தாம் அவை. அவருடைய பேத்தியும், அந்த மன்றம் வேண்டும் என்று கேட்டவரும் ஒரே பீடத்தில் ஏறினார்கள். தெரேசம்மாள் எழுதிய தன் வாழ்க்கை வரலாற்றையும் அதே மன்றம் வாங்கி வைத்துச் சோதித்தது. அவருடைய தோழரான சிலுவை அருளப்பர், நீ இப்போது படிக்கும் சலமான்காவிலேயே படித்தவர், தம் சொந்தச் சபையினராலேயே தொலேதோவில் சிறைவைக்கப்பட்டு, அந்த இருட்டறையில்தான் கவிதை பாடினார். அந்த நாட்டின் பக்தியையும் கொடுமையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் படிக்க இயலாது என்பது என் கருத்து. ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தூக்கி எறிந்துவிடுகிறவர்களுக்கு இரண்டுமே முழுதாகப் பிடிபடுவதில்லை.

தெரேசம்மாளின் கல்லறை இருக்கும் ஆல்பா தே தோர்மேஸ் உன் விடுதியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம்தான். 1582 அக்டோபர் 4 இரவு அங்கே இறந்தார்கள். நாள்காட்டியைத் திருத்திய ஆண்டு அது என்பதால் மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அங்கேயாவது போய்ச் சிறிது நேரம் உட்கார். சால்வை எடுத்துக்கொள்.

சவேரியாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதினால்தான் என் மனம் ஆறும். நம் பரதவ முன்னோர் 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டித் திருமுழுக்குப் பெற்றார்கள். அவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கத் தமிழறிந்த ஒருவரும் நிலையாக இருக்கவில்லை. 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்தவர், உள்ளூர்க்காரர்களை உடன் வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544இல் விஜயநகரத்து வடுகர் படை வந்தபோது நம் சனம் கன்னியாகுமரிப் பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்காக இருபது தோணிகளில் அவர் புறப்பட்டார். எதிர்க்காற்றில் தோணிகள் போய்ச் சேரவில்லை. அதையும் அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் முன்னோரைப் பற்றி அந்தக் காலத்தில் இவ்வளவு கவலைப்பட்டு எழுதியவர்கள் மிகச் சிலரே. 1544இல் எழுதியதும் அவர் கைதான், 1546இல் எழுதியதும் அவர் கைதான்.

அவர் பிறந்த ஹவியேர் கோட்டை, வட ஸ்பெயினின் நவார்ராப் பகுதியில், பம்ப்லோனா நகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிறது. நீ கலீசியா வரை போய்விட்டாய், கத்தலூன்யா வரை போய்விட்டாய், பார்சலோனாவில் கட்டடக் கலைஞர் கவுதியின் கோயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாய். இங்கே மட்டும் போகவில்லை. ஆச்சி கேட்கும்போதெல்லாம் அடுத்த விடுமுறைக்கு என்கிறாய். அந்தக் கோட்டையைக் கலை மாணவியாகப் பார்க்கவும் காரணம் இருக்கிறது. 1512இல், அப்போது தனி அரசாக இருந்த நவார்ராவை அண்டை அரசான காஸ்தீய்யாவின் படை பிடித்துக்கொண்டது. சவேரியாரின் அண்ணன்மார் எதிர்த்து நின்ற குடும்பம் என்பதால், 1516இல், அப்போது காஸ்தீய்யாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்னேரோசின் ஆணைப்படி கோட்டையின் மதில்களையும் கோபுரங்களின் மேற்பகுதியையும் இடித்தார்கள். தகப்பனார் இறந்த மறு ஆண்டு அது, பிள்ளைக்குப் பத்து வயது. கிரனாடாவில் கட்டாயத் திருமுழுக்கு நடத்திய அதே கர்தினாலின் ஆட்கள்தான் அவர் வீட்டையும் இடித்தார்கள் என்பதை உன் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கோட்டைச் சிற்றாலயத்தில் வால்நட் மரத்தில் செய்த பழைய பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கிறது. அதன் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. சுற்றிலும் சுவரில் எலும்புக்கூடுகள் ஆடும் மரண நடனத்தை வரைந்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் அந்த உதட்டோரம் புன்னகையா வேதனையா என்று எனக்குப் பிடிபடவில்லை. மரச்சட்டம் வரை ஆராயத் தெரிந்த நீ நேரில் பார்த்தால் சொல்லிவிடுவாய். செபம் சொல்வதற்காகப் போ என்று நான் எழுதவில்லை. போய், உட்கார்ந்து, பார்த்து எழுது.

மார்ச் மாதத்தில் நவார்ரா மக்கள் கூட்டம் கூட்டமாக அங்கே நடந்து போவார்கள். அப்போது போனால் துணையும் இருக்கும், பாதை தெரியாமல் திண்டாடவும் வேண்டாம். செலவுக்கு வேண்டியதைச் சொல், மாமா மூலம் அனுப்புகிறேன். போகவே மாட்டேன் என்று முடிவு செய்திருந்தால் அதையும் மறைக்காமல் எனக்கு மட்டும் எழுது. ஆச்சியிடமும் அம்மாவிடமும் எதை எப்போது சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் அம்மா ஃபோனுக்குப் பக்கத்திலேயேதான் இருப்பாள்.

என்றும் உன் அன்புள்ள,
அப்பா