உறைவிடத் திட்டக் குழுவுக்கு: அந்த ஒரு மாதத்தைப் பிரித்துக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம். இளம் எழுத்தாளர்களுக்கான உங்கள் உறைவிடத் திட்டத்தின் இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தேன். ஒரு மாதம் தனி அறை, சாப்பாடு, உதவித்தொகை. வயது 35-க்குள் இருக்க வேண்டும். மாதம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. விதிகளை வகுத்தவர்கள் நீங்கள், உங்களுக்கே அவற்றை விளக்கப் போவதில்லை. என்னை எழுத வைத்தது, நான் கேட்ட கேள்விக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில்.

கேள்வி சின்னதுதான். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தை ஆண்டு முழுக்கப் பிரித்து எடுத்துக்கொள்ள முடியுமா, இல்லை என்றால் அதே தொகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுதலாமா என்று கேட்டிருந்தேன். குழந்தைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. அக்கறையோடுதான் எழுதியிருந்தார்கள், பிள்ளைகளுக்கு வாழ்த்துகூடச் சொல்லியிருந்தார்கள். எனக்கு 34 வயது. சின்னவளுக்கு ஒன்றரை. அவள் வளர்வதற்குள் உங்கள் கணக்கில் நான் இளம் எழுத்தாளர் என்ற தகுதியை இழந்திருப்பேன். வயது வரம்பையும் இந்தப் பதிலையும் ஒரே மேசையில் வைத்து யாராவது ஒருமுறை படித்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

எழுத நேரமில்லை என்று பொத்தாம் பொதுவாகப் புலம்ப நான் வரவில்லை. நேரம் இருக்கிறது, துண்டு துண்டாக. சின்னவள் மதியத்தில் தூங்குவாள். சில நாள் ஒன்றரை மணி நேரம், சில நாள் இருபது நிமிடம். இன்றைக்கு எது என்பது அவள் எழும்போதுதான் தெரியும். தலைக்கடியிலிருந்து கையை உருவினால் விழித்துக்கொள்வாள். அதனால் இடது கை அங்கேயே இருக்கும், வலது கைக் கட்டைவிரல் மட்டும் செல்போனில் தட்டிக்கொண்டிருக்கும், திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்திருப்பேன். நான்கு வரி வந்திருக்கும். கதையில் ஒரு கிழவர் குடையோடு மாடிப்படியில் நிற்பார். அப்போது கழிவறையிலிருந்து பெரியவன் குரல் வரும்: "அம்மா, முடிச்சிட்டேன்!"

அந்த அழைப்பைத் தள்ளிப்போட முடியாது. அவன் இன்னொரு தடவை கத்தினால் இவள் எழுந்துவிடுவாள். ஓடிப்போய்க் கழுவிவிட்டு, கால்சட்டையை மாட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, கொசு எங்கே தூங்கும் என்ற விசாரணைக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், "கிழவர் குடையை" என்று நிற்கிறது வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வருவதன் கஷ்டம் எனக்கு அப்போதுதான் உறைக்கும். கிழவர் இருக்கிறார், குடை இருக்கிறது, அவர் அதை விரித்தாரா, வீசினாரா, யாரிடமாவது கொடுத்தாரா என்பது போயே போய்விட்டது. பத்து நிமிடம் போனதில் வருத்தமில்லை. கதைக்குள் மறுபடி நுழைய அதைவிட அதிக நேரம் ஆகிறது, நுழைந்ததும் சின்னவள் எழுந்துவிடுகிறாள்.

நான் கேட்பது இந்த நுழைவதற்கான நேரத்தைத்தான். வாரத்தில் ஒரே ஒரு நாள், நான்கு மணி நேரம், அம்மா என்று யாரும் கூப்பிடாத நான்கு மணி நேரம். நீங்கள் கொடுக்கும் மாதத்தைப் பிரித்தால் அது தாராளமாகக் கிடைக்கும்.

விடிகாலையில் எழுதலாமே என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். உடனே அமெரிக்க நாவலாசிரியர் டோனி மோரிசனைக் காட்டுவார்கள். உண்மைதான், இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் எழுந்து எழுதியவர். இரண்டு குழந்தைகளின் தாயான அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் 1962-இல் தன் கடைசிக் கவிதைகளில் பலவற்றை அப்படித்தான் இருட்டு விலகுவதற்குள் எழுதினார். இரவு முழுக்கப் பால் கேட்டு எழுப்பும் குழந்தையோடு படுத்திருப்பவளுக்கு விடிகாலை என்று தனியாக ஒன்று கிடையாது என்பதை இந்த யோசனை சொல்பவர்களுக்கு எப்படிச் சொல்வது? அந்தப் பெண்கள் அப்படி எழுதினார்கள் என்றால் அவர்களுக்கு வேறு வழி கொடுக்க யாரும் இல்லை என்று அர்த்தம். நீங்கள் இருக்கிறீர்களே!

வயது வரம்புக்கும் ஒரு வார்த்தை. 1961-இல் கனடாவின் வான்கூவர் சன் நாளிதழ் ஆலிஸ் மன்றோவைப் பற்றிச் செய்தி போட்டபோது, இல்லத்தரசி சிறுகதை எழுத நேரம் கண்டுபிடிக்கிறார் என்று தலைப்பு வைத்தது. நாவலுக்கு வேண்டிய நீண்ட நேரம் கிடைக்காததால்தான் சிறுகதைப் பக்கம் வந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். முதல் தொகுப்பு 1968-இல் வந்தது. அப்போது அவர் 35-ஐத் தாண்டியிருந்தார். நான்கு மகள்களை வளர்த்த அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்சனின் முதல் புத்தகம் வெளிவந்தபோது அவர் ஐம்பதை நெருங்கியிருந்தார். இருவருடைய விண்ணப்பத்தையும் உங்கள் அலுவலகம் உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கும். மன்றோவுக்கு 2013-இல் நோபல் கொடுத்தவர்கள் நல்லவேளையாக வயதைக் கேட்கவில்லை.

இது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்காவில் சஸ்டெய்னபிள் ஆர்ட்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, பிள்ளை வளர்க்கும் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் என்றே நல்கை கொடுத்திருக்கிறது. உறைவிடங்கள் பெற்றோருக்கு ஏற்றபடி மாறுவதற்கும் பணம் கொடுத்திருக்கிறது.

உங்களைச் சொல்லி என்ன, இலக்கிய உலகமே இப்படித்தான் இருக்கிறது. கூட்டமா, சாயங்காலம் ஆறு மணி. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைக்கும் நேரம் பார்த்து மைக்கைப் பிடிப்பார்கள். பெண்கள் ஏன் தொடர்ந்து எழுதுவதில்லை என்று மேடையில் நான்கு ஆண்கள் கவலைப்படுவார்கள். அந்த நேரத்தில் அந்த நால்வரின் பிள்ளைகளுக்கும் யார் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால் நாகரிகமாக இருக்காது. அவர்கள் புத்தகங்களின் நன்றியுரையைப் புரட்டினால் தெரிந்துவிடும்: "இதை எழுதிய நாட்களில் என்னைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்ட மனைவிக்கு." எனக்கும் அப்படி ஒரு மனைவி கிடைத்தால் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், நாவல் எழுதிக்கொண்டிருப்பேன்.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சிறு குழந்தைகள் உள்ளவர்கள், அம்மாவானாலும் அப்பாவானாலும், அந்த ஒரு மாதத்தைத் தனித்தனி நாட்களாகப் பிரித்துக்கொள்ள அனுமதியுங்கள். உறைவிடத்துக்கு வர முடியாதவர்கள் அதே தொகையைக் குழந்தைப் பராமரிப்புக்குச் செலவு செய்யட்டும். ரசீது கேளுங்கள், தருகிறோம். வயதைக் கணக்கிடும்போது குழந்தை வளர்த்த ஆண்டுகளைக் கழித்துவிடுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது என்றால் முதலாவதை மட்டுமாவது இந்த ஆண்டே செய்யுங்கள். அதற்குக் கூடுதல் பணம்கூடத் தேவையில்லை, வருகைப் பதிவேட்டில் கூடுதலாகச் சில பக்கங்கள் இருந்தால் போதும்.

விண்ணப்பத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. விதியைத் திருத்துவதாக இருந்தால் கடைசித் தேதிக்கு முன்பே அறிவித்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு ஆள் ஏற்பாடு செய்ய எங்களுக்குக் கொஞ்ச நாள் வேண்டும். மாதிரிப் படைப்பாக 20 பக்கம் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் 17 இருக்கிறது. மீதியையும் எழுதி அனுப்புகிறேன்.

மரியாதையுடன்,
உங்கள் பதில் கிடைக்கப்பெற்ற ஒரு விண்ணப்பதாரர்