மெகாபிக்சலுக்கு மட்டும் முதலிடமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கான நடுத்தர விலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராக்களை ஒப்பிட்டிருந்தீர்கள். கேனான் 90டி-க்கு முதலிடம், நிக்கான் டி7500-க்கு இரண்டாமிடம். சொன்ன காரணம்: முன்னது 32.5 மெகாபிக்சல், பின்னது 20.9. நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மயிலாப்பூர் மாடவீதியிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் கேமராவோடு திரிகிறவள். மார்க் போட்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் கணக்கு. 90டி-யில் எடுத்த படத்தின் நீளம் 6960 பிக்சல், டி7500-ல் 5568. ஒரு பக்கத்துக்கு 25 சதவீதம்தான் கூடுதல். சதுப்பு நிலத்தில் தூரத்தில் நிற்கும் பூநாரையை வெட்டிப் பெரிதாக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கேமராவோடு வரும் லென்ஸை மாட்டிக்கொண்டு, கை லேசாக ஆடிவிட்டால் அந்த 25 சதவீதம் போன இடம் தெரியாது.

அப்படியானால் 90டி மட்டமா என்றால், இல்லை. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவுக்கு வந்து பாருங்கள். அந்த நெரிசலில் வியூஃபைண்டரில் கண் வைக்க வழியே கிடையாது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கித்தான் எடுக்க வேண்டும். 90டி-யின் திரை பக்கவாட்டில் திறந்து நினைத்த பக்கம் திரும்பும். திரையைப் பார்த்து எடுத்தாலும் ஃபோகஸ் சட்டென்று பிடித்துவிடும். அதற்கான ஏற்பாடு படத்தைப் பதிவு செய்யும் சென்சாரிலேயே இருக்கிறது. டி7500-ன் திரை மேலும் கீழும் மட்டும் சாயும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் அதுவும் உதவாது. திரைவழி ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி முடிப்பதற்குள் நாயன்மார் பல்லக்கு அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடும். முதலிடம் கொடுக்க இதுதான் உருப்படியான காரணம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

டி7500-க்கும் அதற்குரிய நியாயம் கிடைக்கவில்லை. கூழைக்கடா கூட்டமாக எழும்பும்போது விநாடிக்கு 8 வீதம் 50 ரா படங்கள் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் மூலக் கோப்புகள்) வரை திணறாமல் எடுக்கும். அதற்கு முந்தைய டி7200, 18 படங்களில் மூச்சு வாங்கும். ஆனால் 2015-ல் வந்த அந்த டி7200-ல் இரண்டு மெமரி கார்டு போடலாம். 2017-ல் வந்த டி7500-ல் ஒன்றுதான். கல்யாண வீட்டில் ஒரு கார்டு மக்கர் செய்தால் என்ன கதி என்று படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம் பழைய லென்ஸ். ஃபிலிம் காலத்து நிக்கான் லென்ஸ் பல வீட்டு பீரோக்களில் சும்மா கிடக்கிறது. உள்ளே மோட்டார் இல்லாத 50 எம்எம் 1.8டி போன்ற லென்ஸ்களுக்கு டி7200-ம் டி7500-ம் தாமே ஃபோகஸ் செய்யும். விலை குறைந்த டி5600-ல் கையால்தான் திருப்ப வேண்டும். அதைவிடப் பழைய மேனுவல் லென்ஸை மாட்டினால் டி7200 வெளிச்சத்தை அளந்து சொல்லும், டி7500 சொல்லாது. அதற்கான சின்ன நெம்புகோலை எடுத்துவிட்டார்கள். 1987-க்கு முந்தைய கேனான் லென்ஸ் 90டி-யில் நேரடியாகப் பொருந்தாது. பீரோவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். 2020-க்குப் பிறகு கேனானோ நிக்கானோ புது டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. இரண்டு நிறுவனங்களும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பக்கம் போய்விட்டன. இப்போது பலரும் தேடுவது செகண்ட்ஹேண்ட். அதற்கு ஷட்டர் கணக்கு, அதாவது ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியிருக்கிறது என்பது, தெரிய வேண்டும். ஷட்டர் தாங்குவது டி7500-க்கு ஒன்றரை லட்சம் கிளிக், 90டி-க்கு 1,20,000 என்று நிறுவனங்கள் சொல்கின்றன. நிக்கானில் ஒரு படம் எடுத்துக் கணினியில் திறந்தால், அதுவரை எத்தனை கிளிக் என்பதைப் படத்தின் தகவல்களிலிருந்தே படித்துவிடலாம். கேனான் பொதுவாக அதைப் படத்தில் எழுதுவதில்லை. விற்பவர் வாக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கும், அல்லது அதற்கென்று தனி மென்பொருள் தேட வேண்டும்.

அப்புறம் நம் ஊர் ஈரக்காற்று. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கிய பிறகும் தோல் பையில் போட்டு மூடி வைக்கக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும், செலவு சொற்பம்.

அடுத்த கட்டுரையைச் செகண்ட்ஹேண்ட் கேமரா வாங்குவது பற்றிப் போடுங்கள். எழுதுபவர் ஒரு முறை அறுபத்துமூவர் கூட்டத்தில் இரண்டு கேமராவையும் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மயிலாப்பூர், சென்னை.