ஒரே ஒரு பாட்டுக்கு இடம் கேட்டு, யூதப்பள்ளியைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடந்த மாதம் எங்கள் இசைக்குழுவோடு கேரளத்தில் கச்சேரிகள் செய்ய வந்திருந்தேன். யூதர்களின் தொழுகைக்கூடமாக இருந்து இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட அந்தப் பழைய யூதப்பள்ளியில், என் பாட்டியின் கல்யாணப் பாட்டைப் பாடத் தொடங்கிய என்னைக் காவலாளி நிறுத்தியது உங்களுக்குத் தெரியும் என்பதால், அதை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. சென்னையில் பல ஆண்டுகள் வயலின் பயின்ற எனக்கு, மனத்தில் உள்ளதைத் தடையின்றி எழுத வருவது தமிழில்தான். மலையாளப் படியையும் உடன் இணைத்திருக்கிறேன்.

என் பாட்டிக்குத் திருமணம் நடந்தது அந்தப் பள்ளியில்தான். 1955இல் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது, துணிமணிகளுக்கு நடுவே கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றையும் வைத்துக் கட்டிக்கொண்டார். அதில் மலையாள எழுத்தில் கல்யாணப் பாட்டுகள் இருக்கின்றன. மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருக்கிறார். வேறு பல நாடுகளில் யூதப் பெண்கள் ஆண்கள் முன்னால் பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த காலத்தில், கேரளத்து யூதப் பெண்கள் சபை நடுவே குரலெடுத்துப் பாடினார்கள். கொச்சியில் இருந்தவரை எருசலேமை நோக்கித் தொழுத என் பாட்டி, எருசலேமை அடுத்த மலைச்சாரலில் மெசிலாத் சீயோன் என்ற ஊரில் குடியேறிய பிறகு, முதல் மழை பெய்யும் நாளெல்லாம் பெரியாற்றை நினைத்து அழுதார். எது அவருடைய ஊர் என்று சிறுவயதில் கேட்டேன். பதில் சொல்லாமல் பாடத் தொடங்கிவிட்டார்.

அந்த நோட்டோடுதான் மரப்படி ஏறிப் பெண்கள் பகுதிக்குப் போனேன். கேரளத்து யூதப்பள்ளிகளுக்கே உரியபடி, மாடியிலும் ஒரு வாசிப்பு மேடை இருக்க, அதன் பின்னே மரச்சட்ட மறைப்பு இருந்தது. பாட்டி அங்கிருந்துதான் கீழே பார்த்திருப்பார். விளக்குகள் துலங்கின, ஓடுகள் புதிதாக வேயப்பட்டிருந்தன. உங்கள் பணியாளர்களை நினைத்து நன்றியில் கண் கலங்கியது. முதல் பாட்டின் இரண்டாம் அடியை, பக்கத்தில் நின்றவருக்குக்கூட எட்டாத குரலில் தொடங்கினேன். காவலாளி ஓடிவந்து நிறுத்தினார். நிகழ்ச்சி நடத்த எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் உண்டு, சமயம் சார்ந்தது என்றால் அனுமதியே இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கூடத்தின் ஒலிபெருக்கியில் யாரோ வாசித்த புல்லாங்குழல் பதிவு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தோடு எந்த உறவும் இல்லாத இசைக்கு நாள் முழுதும் இடம் இருக்கிறது. அங்கேயே பிறந்த பாட்டுக்கு இரண்டு நிமிடம் இல்லை. இதை என்னால் விழுங்க முடியவில்லை.

காவலாளி மீது எனக்கு வருத்தமில்லை. அவர் விதியைச் சொன்னார். விதியை எழுதியவர்களிடம்தான் கேட்கிறேன்: அந்தப் பள்ளியில் பெண்பாட்டுகளைப் பாட வழி செய்யுங்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப்பள்ளியில் காக்கப்பட்டுவரும் செப்பேட்டை நீங்கள் அறிவீர்கள். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும் 72 விடுபேறுகளையும் (சிறப்புரிமைகளையும்) வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு அது. பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை என்று போகும் அந்தப் பட்டியலில் வடுகப்பறையும் காகளமும் இருக்கின்றன. பறையையும் ஊதுகொம்பையும் உரிமையாக எழுதிக் கொடுத்த மண்ணில், ஒரு கிழவியின் கல்யாணப் பாட்டுக்கு விண்ணப்பப் படிவம் நீட்டுகிறோமே என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

மட்டாஞ்சேரி யூதத்தெருவில் எங்கள் பெயரைச் சொல்லி வியாபாரம் நடக்கிறது. நடக்கட்டும், கடைக்காரர்களுக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் அதே ஊரில் கடவும்பாகம் என்ற இன்னொரு யூதப்பள்ளி கவனிப்பாரற்றுக் கிடந்து, 2019 செப்டம்பர் மழையில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கல்லைக் காப்பதிலேயே இவ்வளவு தாமதம் என்றால், கல்லைவிட வேகமாக மறைந்துகொண்டிருக்கும் குரல்களை யார் காப்பது? அந்தப் பாட்டுகளை வாய்ப்பாடமாக அறிந்த மூதாட்டிகள் எங்கள் குடியிருப்புகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். நல்லவேளையாக எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004இல் ஒரு தொகுப்பைக் குறுந்தகடாக வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஒலிபெருக்கியில் அதையாவது ஒலிக்கவிடலாமே.

கோபத்தில் நிறையச் சொல்லிவிட்டேன்; மன்னிக்கவும். நான் கேட்பது கச்சேரிக்கான மேடை அன்று, தொழுகைக்கான உரிமையும் அன்று. பார்வை நேரம் முடிந்த பிறகு மாதத்தில் ஒரு மணி நேரம், அந்த மாடியில், கட்டணமோ ஒலிபெருக்கியோ இல்லாமல், பெண்பாட்டுகளைப் பாட விரும்புகிறவர்களை அனுமதிக்குமாறு பணிவோடு வேண்டுகிறேன். வரும் டிசம்பரில் இசை விழாவுக்காகச் சென்னைக்கு வருகிறேன். அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால், அங்கிருந்து ஓர் இரவு ரயிலில் பாட்டியின் நோட்டோடு வந்து சேர்வேன்.

இப்படிக்கு,
அந்தப் பள்ளியில் மணமுடித்தவரின் பேத்தி