ஓவன்ஸ் ஏரியில் புழுதியை அடக்கியவர்களுக்கு நன்றி

ஓவன்ஸ் பள்ளத்தாக்கு மக்களுக்கும் அங்கே புழுதியோடு மல்லுக்கட்டிய எல்லோருக்கும் வணக்கம்.

லாஸ் ஏஞ்சலஸில் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன். எங்கள் ஊர்த் தமிழர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு உங்கள் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 1913-இல் கால்வாயைத் திறந்து, ஏரிக்கு வந்துகொண்டிருந்த ஓவன்ஸ் ஆற்றைத் தெற்கே எங்கள் ஊருக்குத் திருப்பினார்கள். 1920-களிலேயே நூறு சதுர மைல் அளவிலான ஏரி வற்றிப்போனது. காற்றடித்தால் உப்பும் ஆர்சனிக் கலந்த நுண்தூளும் எழும்பிப் பக்கத்து ஊர்களான கீலர், லோன் பைன் வீடுகளுக்குள் புகுந்தன. மேற்கே நிற்கும் சியெரா நெவாடா மலைத்தொடரே கண்ணுக்கு மறைந்துவிடும்.

சிகோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களும் ஜான் மியூர் வனப்பகுதியும் இருப்பது அந்த மலையில்தான். மனிதரால் வந்த மூட்டம் இத்தகைய இடங்களிலிருந்து நீங்க வேண்டும் என்று 1977-இல் தூய காற்றுச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். நாடு முழுக்க 156 இடங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. 1999-இல் வந்த விதி, 2064-க்குள் இயற்கையான தெளிவு திரும்புவதை இலக்காக வைத்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை காற்றை வடிதாளில் பிடித்து, அதில் மண் எவ்வளவு, புகை எவ்வளவு என்று அளப்பவர்களுக்கு முதல் நன்றி. அந்த அளவு இல்லாவிட்டால் விதி வெறும் ஆசைதான்.

ஆனால் இங்கே பெருநகரத்தை அசைத்தது வேறு விதி. 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 150 மைக்ரோகிராம் நுண்தூளுக்கு மேல் கூடாது என்ற சுகாதார வரம்பு அது. ஏரிக்கரையில் அதைப்போல நூறு மடங்கு பதிவான நாட்கள் உண்டு. மூச்சுக்காகப் போட்ட விதியால் மலையும் தெளிந்தது.

அந்த விதியைக் கையில் எடுத்தது கிரேட் பேசின் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம். மூன்று கிராமப்புற மாவட்டங்களுக்கான சின்ன அலுவலகம், எதிரே லாஸ் ஏஞ்சலஸ்! 1983-இல் வந்த கலிபோர்னியா மாநிலச் சட்டம், நகரத்துக்கே உத்தரவு போடும் அதிகாரத்தை அதற்குத் தந்தது. சட்டம் இருந்தும் வழக்குமேல் வழக்கு. அந்த அலுவலகத்தை நடத்திய டெட் ஷேடும் அவருடைய சகாக்களும் விடவில்லை. 2014-இல்தான் நகரத்தோடு ஒரு பெரிய உடன்பாடு வந்தது. அத்தனை ஆண்டு பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது!

அப்புறம், ஏரித்தரையில் இறங்கி உழைத்தவர்கள். 2001 முதல், நாற்றங்காலுக்குப் பாய்ச்சுவதுபோல ஏரித்தரையில் மெல்லிசாகத் தண்ணீரைப் பரப்பினார்கள். சில இடங்களில் உப்புப்புல் வளர்த்தார்கள், சில இடங்களில் சரளை கொட்டினார்கள். கீலர் மணல்மேடுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றின் மறைவில் செடி நட்டார்கள். உப்பும் வெயிலும் அரிக்கும் இடத்தில் குழாய்களைப் பழுதுபார்த்து ஓடவைப்பது லேசான வேலையே இல்லை.

தண்ணீர் பரவிய இடத்தில் உப்பு ஈக்கள் பெருகின, அவற்றைத் தின்ன உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்தன. அவற்றை எண்ணிக் குறித்து, 'பறவைகளையும் கணக்கில் வையுங்கள்' என்று கேட்ட உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு நன்றி. எந்திரங்கள் கிளறவிருந்த தரையில் தங்கள் முன்னோரின் தடயங்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டிக் காத்த பையூட், ஷோஷோனி பூர்வகுடி மக்களுக்குத் தலைவணங்குகிறேன். ஏரி உங்களுடையது. அதை வற்றவைத்து எடுத்த தண்ணீரைக் குடிப்பவர்கள் நாங்கள்.

இதற்கான செலவு இருநூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எங்கள் தண்ணீர்க் கட்டணத்தில்தான் அது வருகிறது. நியாயமான செலவு என்றே நினைக்கிறேன். முணுமுணுத்தாலும் கட்டிவரும் என் ஊர்க்காரர்களுக்கும் நன்றி.

பலத்த காற்றில் இன்னும் வரம்பு மீறும் நாட்கள் வருகின்றன, வேலை முடியவில்லை. 395 நெடுஞ்சாலையில் மாமத் லேக்ஸ் போகும் தமிழ் நண்பர்களே, லோன் பைனில் நிறுத்தி விட்னி சிகரத்தைப் பாருங்கள். அங்கே காற்றுக் கண்காணிப்பிலோ குழாய் வேலையிலோ இருக்கும் யாரையாவது சந்தித்தால், என் சார்பிலும் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு தமிழன்