சிரிக்காத பேட்மேனும் சிக்கனம் பிடித்த செட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சூப்பர் ஹீரோ தொடர்களைப் பற்றி வெளியான கட்டுரையில், 1966 முதல் 1968 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘பேட்மேன்’ தொடர், ‘ஒரு கோமாளிக் கூத்து’, காமிக்ஸைக் கெடுத்த தொடர் என்று இரண்டே வரிகளில் ஒதுக்கப்பட்டிருந்தது. கோமாளிக் கூத்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அது ஏதோ வசைச்சொல் என்பதுபோல் கட்டுரையாளர் கையாண்டிருப்பதை ஏற்க முடியவில்லை. தொடரின் 120 எபிசோடுகளையும் டிவிடியில் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தவன் என்ற முறையில், அதில் எது தேறும், எது தேறாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஆங்கிலத் திறனாய்வாளர்கள் ‘கேம்ப்’ என்று குறிப்பிடுவதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் அமையவில்லை. செய்வது அபத்தம் என்று தெரிந்துகொண்டே, தெரியும் என்பதைத் துளியும் காட்டிக்கொள்ளாமல், கோயில் காரியம்போல முழுச் சிரத்தையோடு செய்து முடிப்பது என்று வேண்டுமானால் விளக்கலாம். தயாரிப்பாளர் வில்லியம் டோசியரும், தொடரின் தொனியை வகுத்துக் கொடுத்த எழுத்தாளர் லொரென்சோ செம்பிள் ஜூனியரும் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். 1966இல் எம்மி விருதுக்குச் ‘சிறந்த நகைச்சுவைத் தொடர்’ என்ற பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட இந்தத் தொடரில், அக்கால அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் வழக்கமாக ஒலிக்கும் பதிவுசெய்த சிரிப்பொலி கிடையாது. இங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் நமக்கு அடையாளம் காட்டுவதில்லை.

முதல் எபிசோடிலேயே வரும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். இரவு நடன விடுதி ஒன்றில் துப்புத் துலக்க வருகிறார் பேட்மேன். அவருடைய இளம் துணைவன் ராபினுக்கு உள்ளே நுழையும் வயது ஆகவில்லை என்பதால், சட்டத்தை மதித்து அவனை வெளியே காரில் உட்கார வைத்துவிடுகிறார். காது முளைத்த முகமூடி, தரையைத் தொடும் அங்கி, இடுப்பில் மஞ்சள் கச்சை என்ற கோலத்தில் நிற்கும் அவருக்கு விடுதி ஊழியர் மேசை ஒன்றைக் காட்ட, பிறர் கவனத்தை ஈர்க்க விருப்பமில்லை, பார் ஓரமாகவே நின்றுகொள்கிறேன் என்கிறார். ஆரஞ்சுச் சாறு வாங்கிக் குடிக்கிறார். இந்த வசனத்தை ஓர் இமையைச் சிமிட்டிச் சொல்லியிருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் சிமிட்டவில்லை. நீதிபதி தீர்ப்பு வாசிப்பதைப் போல, சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். இதைத் ‘தட்டையான நடிப்பு’ என்று எழுதுகிறவர்கள், அதே இடத்தில் வேறு ஒருவரை மனத்துக்குள் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவசரமாகத் திருடனைத் துரத்தும்போதும் காரின் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்லி ராபினுக்கு நினைவூட்டும் மனிதர் இவர். அமெரிக்காவில் புதிய கார்களில் இருக்கைப் பட்டை கட்டாயமானதே 1968இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், கேலிக்கு எழுதிய வசனம் காலத்தை முந்திக்கொண்டது தெரியும்.

ஒரே காட்சி இரண்டு வயதினருக்கு இரண்டு விதமாகப் படும் என்பதை என் பேரன் எனக்குக் காட்டினான். பெங்குவின் என்ற வில்லன் வரும் முதல் கதையில், மயங்கிக் கிடக்கும் புரூஸ் வெய்ன் (முகமூடி அணியாத பேட்மேன்) நகரும் பட்டையில் உலையை நோக்கிப் போகிற இடத்தில் எபிசோடு முடிகிறது. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதுப் பையன் என் கையைப் பிடித்து, ‘சிரிக்காதீங்க தாத்தா, அவருக்கு என்ன ஆச்சுன்னு பாக்கணும்’ என்றான். புதன்கிழமை இரவு இப்படித் தொங்கவிட்டு, மறுநாள் வியாழக்கிழமை அதே நேரத்தில் விடுவிக்கும் உத்தியைத்தான் முதல் இரண்டு பருவங்களும் நம்பியிருந்தன. 1965-66 பருவத்தில் இரண்டு நாள் எபிசோடுகளும் அமெரிக்கப் பார்வையாளர் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன என்றால், வீடுதோறும் சிரித்தவர்களும் பயந்தவர்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பொருள்.

அந்தப் பெங்குவின் கதையின் கட்டுமானத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். சிறையிலிருந்து வெளியே வரும் பெங்குவினுக்கு என்ன குற்றம் செய்வது என்றே தோன்றவில்லை. பொருளே இல்லாத ஒரு குடையைப் பேட்மேன் கைக்குப் போய்ச் சேரும்படி செய்து, அதற்குள் ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிடுகிறான். அதைத் துப்பு என்று நம்பி, பேட்மேனும் ராபினும் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு கடத்தல் திட்டத்தை ‘கண்டுபிடிக்கிறார்கள்’. மறுமுனையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெங்குவின், ஆகா, நல்ல யோசனை என்று அதையே நிறைவேற்றப் புறப்படுகிறான். துப்பறியும் கதை என்ற வகைமையையே உள்ளிருந்து கவிழ்க்கிற இந்தக் கதையைச் செம்பிள் அரை மணி நேர எபிசோடு இரண்டில் அடக்கினார். குழந்தைகளுக்கான கோமாளித்தனம் என்று இதை எப்படித் தள்ள முடியும்?

வில்லன்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ தம் மீசையை மழிக்க மறுத்துவிட்டதால் அதன்மீதே வெள்ளைச் சாயம் பூசினார்கள். நெருக்கக் காட்சிகளில் சாயத்துக்கு அடியில் மீசை மயிர் அப்படியே தெரியும். எனக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை. பெங்குவினாக வந்த பர்ஜஸ் மெரெடித்தின் வாத்துக் கரகரப்பும், கேட்வுமனாக வந்த ஜூலி நியூமாரின் பூனை நடையும் அவரவர் சொந்தச் சரக்கு. எல்லாருக்கும் மேலே ஃபிராங்க் கோர்ஷினின் ரிட்லர். விடுகதை போட்டுவிட்டுக் கெக்கலிக்கும் அவர் சட்டென்று சிரிப்பை விழுங்கிக்கொண்டு முறைக்கும்போது, வேடிக்கைக்கு நடுவே உண்மையான பித்தம் ஒன்று எட்டிப் பார்க்கும். 1948இல் காமிக்ஸில் அறிமுகமாகி, நெடுங்காலம் மறக்கப்பட்டு, 1965இல்தான் மீண்டும் தலைகாட்டிய ரிட்லர் இன்று முதல் வரிசை வில்லனாக இருக்கிறார் என்றால் அதில் பெரும்பங்கு கோர்ஷினுடையது. காமிக்ஸில் ‘மிஸ்டர் ஜீரோ’வாக இருந்தவரை ‘மிஸ்டர் ஃப்ரீஸ்’ ஆக்கியதும், 1964இல் காமிக்ஸ்காரர்கள் சாகடித்துவிட்ட, பேட்மேன் வீட்டில் சமையல் முதல் சலவை வரை பார்க்கும் ஆல்ஃபிரெட் 1966இல் உயிரோடு திரும்பக் காரணமாக இருந்ததும் இதே தொடர்தான்.

சாய்ந்த கேமராவையும் சொல்ல வேண்டும். வில்லனின் மறைவிடம் என்றால் சட்டகம் கோணலாகிவிடும். காவல் ஆணையர் அலுவலகத்துக்கு வந்தால் நேராகிவிடும். அறத்தை இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு தெளிவாகவும் படமெடுத்தவர்கள் அதிகம் இல்லை. தெருக்கூத்தின் கட்டியங்காரனைப்போலத் திரைக்குப் பின்னிருந்து பதறிப் பதறிக் கதை சொன்ன குரல், தயாரிப்பாளர் டோசியருடையதே.

இனிக் குறைகள். அவை கேலியிலிருந்து பிறந்தவை அல்ல என்பதே என் வாதம். அவற்றில் பெரும்பாலானவை கஞ்சத்தனத்திலிருந்தும் சோம்பலிலிருந்தும் பிறந்தவை. முதல் பருவத்தில் 34 எபிசோடுகள். இரண்டாம் பருவத்தில் 60. சிவப்புத் தொலைபேசி ஒலிப்பது, ஆல்ஃபிரெட் எடுப்பது, கம்பத்தில் வழுக்கி இறங்குவது, குகையிலிருந்து பேட்மேனின் கார் பேட்மொபைல் சீறி வெளியேறுவது எல்லாம் முதலில் சடங்குக்குரிய இன்பத்தைத் தந்தன. அறுபதைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டே எந்த நிமிடத்தில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடலாம் என்ற நிலை வந்தது. முதல் பருவத்தில் சண்டைக் காட்சியின் மீதே, அடி விழும் இடத்தைப் பார்த்துப் பொருத்தமாகப் பதிக்கப்பட்ட ஒலிக்குறிப்புச் சொற்கள், பிறகு வெறும் வண்ண அட்டைகளாக மாறின. சண்டை ஓடும், அட்டை வந்து மறைக்கும், மறுபடி சண்டை ஓடும். பார்வைக்குச் சிறிய மாற்றம்தான். ஆனால், முன்னது படத்துக்குள்ளேயே காமிக்ஸைக் கொண்டுவந்தது. பின்னது படத்தை வெட்டி விளம்பரப் பலகையை நட்டது.

மூன்றாம் பருவத்தில் வாரத்துக்கு ஓர் எபிசோடு என்று சுருங்கியபோது செட்டுகளும் சுருங்கின. கறுப்புப் பின்னணியில் ஒரு கதவு, ஒரு மேசை, இரண்டு அட்டைச் சுவர்கள். வில்லனின் மாளிகை என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அபத்தத்தைச் சிரத்தையோடு செய்து காட்டுவதாகப் பார்வையாளருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள், சிரத்தையைக் கைவிட்டு அபத்தத்தை மட்டும் கொடுத்தால் மிஞ்சுவது என்ன? கோர்ஷின் இல்லாதபோது இரண்டாம் பருவத்தில் ஜான் ஆஸ்டினுக்கு ரிட்லரின் அதே பச்சை உடையை மாட்டியதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். ஆஸ்டின் திறமையான நடிகர். ஆனால் அந்தப் பாத்திரம் உடை அல்ல.

கஞ்சத்தனத்தின் கணக்கில் சேராத, அதைவிடக் கனமான குறைகளும் உண்டு. மூன்றாம் பருவத்தில் ஈவோன் கிரெய்க் பேட்கேர்ளாக வந்தது நல்ல வரவு. பகலில் நூலகர், இரவில் யாரிடமும் அனுமதி கேட்காமல் மோட்டார் சைக்கிளில் புறப்படும் வீராங்கனை. பாலே பயின்ற அவர் காலால் உதைக்கலாம், கையால் குத்தக் கூடாது. பெண்ணுக்கு அது அழகல்ல என்பது தயாரிப்புத் தரப்பின் எண்ணம். அதே பருவத்தில் நோரா கிளாவிகிள் என்ற பெண் காவல்துறைக்குத் தலைமையேற்று, ஆண் காவலர்களுக்குப் பதிலாகப் பெண்களை அமர்த்தும் ஒரு கதை வருகிறது. வெடிகுண்டு சுமந்த இயந்திர எலிகளைக் கண்டு அந்தக் காவலர்கள் அலறுவதே அதன் நகைச்சுவை. எக்ஹெட் என்ற வில்லன் வரும் கதையொன்றில் அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர் ஒருவர் படும் பாடும் அப்படித்தான். மற்ற இடங்களில் அதிகாரத்தையும் ஒழுக்கப் பிரசங்கத்தையும் கேலி செய்த தொடர், இங்கே எளியவர்களைக் கேலி செய்தது. ‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அதே தொடர் மற்ற எபிசோடுகளில் இதைவிட நன்றாகச் சிந்தித்திருக்கிறது.

ஜூலி நியூமாருக்குப் பிறகு கேட்வுமனாக வந்த எர்த்தா கிட் பற்றி ஒரு செய்தி. கறுப்பினப் பெண் ஒருவருக்கு அத்தகைய முதன்மை வில்லி வேடத்தை 1967இல் கொடுத்தது துணிச்சல். நியூமார் காலத்தில் பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் இடையே எப்போதும் கனன்றுகொண்டிருந்த காதல் மட்டும், கிட் வந்ததும் சத்தமில்லாமல் அணைந்துபோனது. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கலப்பினத் திருமணத்தைத் தடைசெய்த சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே அதே ஆண்டு ஜூனில்தான். ஆனாலும் கிட்டின் நாக்கு உருட்டிய அந்த ‘ர’கரம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. 1968 ஜனவரியில் வெள்ளை மாளிகை விருந்தில் வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசியதற்காக அவர் அமெரிக்காவில் வாய்ப்புகளை இழந்தார். இரண்டு மாதங்களில், மார்ச் 14 அன்று, தொடரும் முடிந்தது.

தொடர் காமிக்ஸைக் கெடுத்துவிட்டது என்பது தங்கள் கட்டுரையாளரின் முக்கியக் குற்றச்சாட்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. பேட்மேன் என்றாலே வேடிக்கை என்ற எண்ணத்தைத் துடைக்க, 1960களின் இறுதியிலிருந்து காமிக்ஸ் எழுத்தாளர் டென்னிஸ் ஓ’நீல், ஓவியர் நீல் ஆடம்ஸ் போன்றோர் பாடுபட வேண்டியிருந்தது உண்மை. ஆனால் காமிக்ஸ் உலகம் தன் வீட்டுக்குள் செய்த அநீதியையும் பார்க்க வேண்டும். 1939இல் பாப் கேனுடன் சேர்ந்து பேட்மேனை உருவாக்கிய பில் ஃபிங்கரின் பெயர் பல பத்தாண்டுகள் எந்த இதழிலும் படைப்பாளர் என்று இடம்பெறவில்லை. 2015இல்தான் அந்த அங்கீகாரம் கிடைத்தது. அவர் 1966இல் இந்தத் தொடருக்காக, சார்லஸ் சின்க்ளேருடன் இணைந்து, கடிகார வில்லன் ஒருவனின் கதையை எழுதினார். கோமாளிக் கூத்து என்று தள்ளப்படும் இந்தத் தொடரின் பெயர்ப் பட்டியலில்தான், எழுத்தாளராகவாவது, அவர் பெயர் திரையில் வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் கட்டுரையின் தலைப்பு ‘டமால்! டுமீல்!’ என்று தொடங்குகிறது. இந்தத் தொடர் ஒளிபரப்பான நாள் முதலாக, காமிக்ஸ் பற்றி எதை எழுதினாலும் அமெரிக்கப் பத்திரிகைகள் இதே பாணியில்தான் தலைப்பு வைத்துவருகின்றன. காமிக்ஸ் ரசிகர்கள் அதைக் கண்டு பல்லைக் கடிப்பதும் அன்று முதல்தான். தொடர் காமிக்ஸைக் கேலிப்பொருளாக்கியது என்று வருந்தும் ஒரு கட்டுரைக்கு அந்தத் தலைப்பை வைத்தவர் கட்டுரையாளரா, ஆசிரியர் குழுவினரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை வேறு தலைப்பு யோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்