யாரையோ பேசுகிறார்கள் என்று இருந்துவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் விவாதங்களைத் தங்கள் நாளிதழ் வெளியிடும் விதம் பற்றி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். 2028-ல் அடுத்த தேர்தல். அதற்குள் இது மாற வேண்டும்.

நான் பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுப்பதுதான் பாதி நாள் வேலை. மேலப்பாளையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் வருவார்கள். பெருமாள்புரம், மகாராஜ நகர் பக்கமிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பெற்றோர் வருவார்கள், பெரும்பாலும் மகளின் பேறுகாலத்துக்கு. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 என்ற நீண்ட படிவத்தில், ஐந்து வருஷமாக எந்தெந்தச் சமூக வலைத்தளத்தில் என்ன பெயரில் இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. அறுபது எழுபது வயது அம்மாக்களிடம் அதைக் கேட்டு நிரப்புகிறவள் நான். 2025 செப்டம்பரிலிருந்து எண்பது வயதைத் தாண்டியவர்கள்கூடப் பெரும்பாலும் நேர்காணலுக்கு நேரில் போக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். முட்டிவலியோடு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறார்கள். அமெரிக்க மேடையில் பேசுவது சில மாதங்களில் என் மேஜைக்கு வந்துவிடும் என்பதால்தான் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் 10-ம் தேதி பிலடெல்பியாவில் டிரம்பும் கமலா ஹாரிஸும் மோதிய விவாதம் நமக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஓடியது. அன்றும் அடுத்த சில நாட்களும் என் கடையில் ஒரே பேச்சு, ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஹெய்தி நாட்டுக்காரர்கள் வளர்ப்பு நாய்களையும் பூனைகளையும் பிடித்துத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னதுதான். மகள் கொலம்பஸில் இருக்கும் ஒரு அம்மா, "யம்மா, நாயப் புடிச்சித் திங்காங்களாம்லா, அந்த ஊரு எம் மவ வீட்டுக்குக் கிட்டக்கயா?" என்று பதறிப்போய்க் கேட்டார். அவர் படித்தது தங்கள் நாளிதழைத்தான். தலைப்பில் அந்தக் குற்றச்சாட்டு பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று நகர நிர்வாகி சொல்லியிருப்பதை நெறியாளர் டேவிட் முயர் அந்த மேடையிலேயே எடுத்துச் சொன்னார். அது செய்தியில் இல்லை. டிரம்பின் கட்சிக்காரரான ஒஹையோ ஆளுநர் மைக் டிவைன், அந்த மக்கள் சட்டப்படி இருப்பவர்கள், வேலைக்கு வந்தவர்கள் என்று சொன்னதும் வரவில்லை. அப்புறம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து பிள்ளைகளை வெளியேற்றினார்களே, அதையாவது போட்டிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்துத் துணை அதிபர் வேட்பாளர்கள், டிரம்ப் தரப்பு வான்ஸும் ஹாரிஸ் தரப்பு வால்ஸும், நியூயார்க்கில் விவாதித்தபோது இன்னொன்று நடந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் ஹெய்தியர்களில் நிறையப் பேருக்குச் சட்டபூர்வமான தற்காலிகப் பாதுகாப்பு இருக்கிறது என்று நெறியாளர் சொன்னார். வான்ஸ் மறுத்துப் பேச ஆரம்பிக்க, வாக்குவாதம் நீண்டு மைக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு மனசில் நின்றது அந்த இடம்தான். அந்த ஹெய்தியர்களில் பலர் உள்ளே வந்தது அரசாங்கம் திறந்துவிட்ட வழியில். கையில் அரசாங்கம் கொடுத்த காகிதம் இருக்கிறது. இருந்தும் அந்த வழியையே ஏற்காதவர் மேடையில் அவர்களைச் சட்டவிரோதமானவர்கள் என்கிறார். 2025-ல் அந்தப் பாதுகாப்பை நிறுத்தப்போவதாக டிரம்ப் அரசாங்கம் அறிவித்து, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. காகிதம் கையில் இருந்தாலும் அது எத்தனை நாளைக்கு என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

இதை நான் கடையில் சொன்னால், "அதெல்லாம் திருட்டுத்தனமா வந்தவங்களுக்கு. நம்ம புள்ளைங்க முறையா போயிருக்கு" என்று பதில் வரும். படித்தவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியபோதும் அதே பதில்தான். தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் "நம்ம புள்ளைங்க" அந்தப் பேச்சுக்கு வெளியே இருக்கிறார்கள் என்பது உண்மையில்லை.

2025 ஜனவரி 20-ம் தேதி, பதவியேற்ற அன்றே, பிறப்பால் வரும் குடியுரிமை பற்றி டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அனுமதி இல்லாமல் இருக்கும் பெண்களின் குழந்தைகளுக்கு மட்டுமானது என்றே இங்கே பலரும் நினைத்தார்கள். அதில் இரண்டாவது பகுதி ஒன்று இருக்கிறது. தாய் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ, அதாவது சட்டப்படி ஆனால் தற்காலிகமாக இருந்து, தகப்பன் குடிமகனாகவோ, நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லையென்றால், அங்கே பிறக்கும் அந்தக் குழந்தைக்கும் குடியுரிமை கிடையாது என்கிறது அது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் புருஷன், அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பெண்டாட்டி. என் கடைக்கு வரும் அம்மாக்கள் பேறுகாலம் பார்க்கப் போவது அந்த வீடுகளுக்குத்தான். சியாட்டில் நீதிபதி ஒருவர் மூன்றே நாளில் அந்த உத்தரவை நிறுத்திவைத்தார், மற்ற நீதிமன்றங்களும் தடுத்தன. ஆனால் அந்த நாட்களில் என் போன் ஓயவில்லை. உத்தரவு நடைமுறைக்கு வரவிருந்த பிப்ரவரி 20-க்கு முன்னால் அறுவை செய்து பிள்ளையை எடுத்துவிடலாமா என்று அங்கே சில தம்பதிகள் டாக்டரைக் கேட்டதாகச் செய்திகள் வந்தன. வேட்பாளர் மேடையில் "அவர்கள்" என்று பேசியபோது அந்தச் சொல்லுக்குள் இந்தக் குழந்தைகளும் இருந்தார்கள்.

அப்புறம் 2025 செப்டம்பர் 19. புதிதாக எச்-1பி-க்கு விண்ணப்பித்தால் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அறிவிப்பு. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று மறுநாள்தான் விளக்கம் வந்தது. அந்த ஒரு ராத்திரிக்குள், லீவுக்கு ஊருக்கு வந்திருந்த பையன்கள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஓடினார்கள்.

தங்கள் செய்தியாளர்கள் கவனிக்க வேண்டியது, இந்த அதிகாரம் அதிபருக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான். 1952-ம் வருஷத்துக் குடிவரவுச் சட்டத்தில் 212-வது பிரிவில் எஃப் என்று ஓர் உட்பிரிவு. எந்த வகை வெளிநாட்டவர் வந்தாலும் அது நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால் அவர்கள் நுழைவதை நிறுத்தலாம், நிபந்தனை போடலாம் என்பது அதன் சாரம். 2017-ல் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள சில நாடுகளின் மக்களைத் தடுக்க டிரம்ப் எடுத்தது இதைத்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2020 ஜூனில், கொரோனா சமயத்தில், எச்-1பி-யில் புதிதாக வருகிறவர்களை அந்த வருஷக் கடைசி வரை நிறுத்தியதும் இதே உட்பிரிவு. 2024 ஜூனில் மெக்சிகோ எல்லையில் தஞ்சம் கேட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு போட பைடனும் இதைத்தான் எடுத்தார். ஒரு லட்சம் டாலருக்கும் இதே. எல்லையில் கைக்குழந்தையோடு நிற்பவரைத் தடுக்க எடுத்த அதே பூட்டைத்தான் வண்ணார்பேட்டையில் எஞ்சினியரிங் படித்த பையனுக்கும் மாட்டுகிறார்கள்.

அப்படியென்றால் 2024-ல் விவாத மேடையில் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த அதிகாரத்தை யார் மீது, எதுவரை பயன்படுத்துவீர்கள்?" என்பது. அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் நின்றபோது யாரும் கேட்கவில்லை. பிலடெல்பியாவிலும் இல்லை. எச்-1பி என்ற பேச்சே எழவில்லை. இத்தனைக்கும் அட்லாண்டா விவாதத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான், அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் வாங்குகிறவர்களுக்குப் பட்டத்தோடு கிரீன் கார்டும் தர வேண்டும் என்று டிரம்ப் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். சேரன்மகாதேவிப் பக்கம் இரண்டு போகம் விளையும் வயலை அடமானம் வைத்து மகனை எம்.எஸ். படிக்க அனுப்பிய ஒருவர், அந்த ஒரு செய்தியை மட்டும் தங்கள் நாளிதழிலிருந்து கத்தரித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். படிப்பு முடிந்ததும் ஒரு வருஷமும், அறிவியல், தொழில்நுட்பப் படிப்பானால் இன்னும் இருபத்து நாலு மாதமும் வேலை பார்க்கும் ஓபிடி அனுமதிகூட நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் நேரடியாக இல்லை, அரசாங்க விதியில்தான் இருக்கிறது, நிர்வாகம் நினைத்தால் மாற்ற முயலலாம் என்று நான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அதை அவர் வயலை அடமானம் வைக்கும் முன்பே பத்திரிகையில் படித்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த மேடைகளில் கொள்கையைப் பேசினார்கள். 1980 ஏப்ரலில் ஹூஸ்டனில் ரீகனும் மூத்த புஷ்ஷும் ஒரே கட்சியில் வேட்பாளராகப் போட்டியிட்டபோது, அனுமதியில்லாமல் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இலவசக் கல்வி தரலாமா என்று ஒரு கேள்வி வந்தது. இருவருமே அந்தக் குடும்பங்களை மனிதர்களாக மதித்துப் பதில் சொன்னார்கள். 1984-ல் எதிர்க்கட்சி வேட்பாளர் மாண்டேலுடன் நடந்த விவாதத்தில், வேரூன்றிவிட்டவர்களுக்கு மன்னிப்பு தரலாம் என்று ரீகன் வெளிப்படையாகவே சொன்னார். அது 1986-ல் சட்டமாகி, சுமார் 27 லட்சம் பேர் அதில் நிலைபெற்றார்கள். அந்தச் சட்டத்தில் குறைகளும் இருந்தன. ஆனால் சொன்னதைப் பிறகு சட்டத்தோடு வைத்துப் பார்க்க முடிந்தது.

என் மாமியார் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனாரும் தாத்தாவும் இந்தத் தாமிரபரணிக் கரையிலிருந்து போனவர்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், நீ எங்கே பிறந்தாய் என்பதோடு நிற்காமல் உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. காட்டக் காகிதம் இல்லாத தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். என் மாமியார் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். பிறந்த மண்ணை விட்டு, அதுவரை கண்ணால் பார்க்காத "சொந்த ஊருக்கு". பெற்றவர்களின் காகிதத்தைப் பார்த்துப் பிள்ளையின் நாட்டை முடிவு செய்வது என்றால் என்ன என்று நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரியும். 2025-ம் வருஷத்து உத்தரவைப் படித்தபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். இதை எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் சேர்த்துவைத்து எழுதி நான் பார்க்கவில்லை. நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துக் கோயிலில் அவருக்காக நடந்த பூஜையைத் தாங்கள் பெரிய படமாகப் போட்டீர்கள். அந்த ஊர்க்காரர்களின் சந்தோஷம் நியாயமானது. அவருடைய தாயார் சியாமளா கோபாலன் 1958-ல் படிக்கப் போனபோது இந்தியர்கள் நிரந்தரமாகக் குடியேற ஆண்டுக்கு வெறும் 100 இடம் என்ற கணக்கு இருந்தது என்பதையும், 1965-ல் வந்த சட்டம்தான் நம்மவர்களுக்குக் கதவைத் திறந்தது என்பதையும் அந்தப் படத்துக்குக் கீழே நாலு வரி போட்டிருந்தால் படிக்கிறவருக்கு விஷயம் புரிந்திருக்கும்.

இன்னொன்று. நமக்குச் சாதகமான அதிபர் வந்தால் கிரீன் கார்டு வந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. வேலை வழியாக ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது என்பது 1990-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். இந்தியாவுக்கும் குட்டி நாடான ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. அதனால்தான் 2025-லும், மேற்படிப்பு படித்தவர்களுக்கான இரண்டாம் பிரிவில் 2013 வாக்கில் விண்ணப்பித்த நம்மவர்களின் முறையே ஓடிக்கொண்டிருந்தது. காத்திருக்கும் காலத்தில் பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் அது பெற்றோரின் வரிசையிலிருந்து விலக நேர்கிறது. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு ஆகிவிட்டது என்று இனிப்பு கொடுத்த வீட்டில், மூத்த பெண் மறுபடியும் மாணவர் விசா எடுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இதை அதிபர் கையெழுத்தால் மாற்ற முடியாது. 2019-ல் அந்த 7 சதவீதத்தை நீக்கும் மசோதா கீழவையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. மறு வருஷக் கடைசியில் மேலவை வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்காமலே காலம் முடிந்து மசோதா செத்துப்போனது. எத்தனை தமிழ்ப் பெற்றோருக்கு இது தெரியும்?

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். 2028 விவாதங்களுக்கு முன்னால் ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எதை அதிபர் தனியாகக் கையெழுத்திட்டுச் செய்யலாம், எதற்கு நாடாளுமன்றம் வேண்டும், எதை நீதிமன்றம் தடுத்துவைத்திருக்கிறது என்று தேதியோடு போடுங்கள். விவாதம் முடிந்த மறுநாள் யார் ஜெயித்தார்கள் என்பதோடு, குடிவரவு பற்றி ஒவ்வொருவரும் சொன்னதில் எது உண்மை, எது பொய் என்பதையும் போடுங்கள். ஹெய்தியர், மெக்சிகர் பற்றிச் சொன்னதை விட்டுவிடாமல் சேர்த்துப் போடுங்கள். தெரிந்த வழக்கறிஞரைக் கொண்டு வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. கேள்விகளுக்குப் பஞ்சமிருக்காது. என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதை எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்; எந்தப் பிரிவு ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.